கிரேடர்காரர் கெடுத்த சாலை

அந்த மாவட்டத்தில் ஒருவரை நம்பலாமா என்று கேட்டால், "எத்தனை மணி வரைக்கும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கிரேடர்காரர் அதைக்கூடக் கேட்க மாட்டார். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களை யார் அனுப்பினது?" என்பார்.

கிரேடர் என்பது சரளைச் சாலையைச் சீவிச் சமன் செய்கிற நீண்ட மஞ்சள் வண்டி. வயிற்றுக்கு அடியில் ஆளைவிட நீளமாக ஓர் இரும்புத் தகடு தொங்கும். அதைச் சாய்த்துப் பிடித்து ஓட்டினால் மேடு கரைந்து பள்ளத்தில் இறங்கும். மாவட்டம் முழுவதற்கும் அப்படி ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு ஓட்டுநர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மனைவியே கோபம் வந்தால் "ஏங்க கிரேடர்காரரே" என்றுதான் கூப்பிடுவாள்.

அவருடைய சந்தேகத்தைத் தனி மனிதக் குணம் என்று சொல்லிவிட முடியாது. ஊர்ச் சொத்து அது. பழைய ஊரில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் சமபங்கு உண்டு.

அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் பழைய ஊர்தான் மாவட்டத்தின் தலைமையிடம். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த புது ஊர்க்காரர்கள் ஒரு கோடையில் படகுப் போட்டி நடத்துவதாகச் சொல்லி, பழைய ஊர் முழுவதையும் சாப்பாட்டுடன் அழைத்தார்கள். சாப்பாடு என்றதும் கைக்குழந்தை முதல் மாவட்ட மன்றக் கட்டடத்தின் காவல்காரர் வரை கிளம்பிப் போனார்கள். போட்டியில் பழைய ஊர்தான் ஜெயித்தது. கோப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டும் கூத்துமாகத் திரும்பி வந்து பார்த்தால் மன்றக் கட்டடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பத்திர அலமாரிகள், நீள மேசை, நாற்காலிகள், மைக்கூடு வரை மாட்டு வண்டிகளில் ஏறிப் புது ஊருக்குப் போய்விட்டன. அலமாரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தலைமையிடம் என்று அன்றைய சட்டம் சொன்னது. கோப்பை இவர்களுக்கு, மாவட்டம் அவர்களுக்கு. ரயில் நிலையம் மட்டும் பழைய ஊரிலேயே தங்கியது. தண்டவாளத்தை வண்டியில் ஏற்ற முடியவில்லை.

வருஷக்கணக்காக வழக்கு நடந்து, கடைசியில் ஆறுதல் பரிசாகக் கிடைத்தது மாவட்ட இயந்திரக் கொட்டகை. அதாவது கிரேடர் நிற்கிற இடம். அன்றிலிருந்து பழைய ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எங்கேயும் போவதில்லை. வீட்டில் ஐந்து பேர் என்றால் நான்கு பேர்தான் கல்யாணத்துக்குப் போவார்கள். ஒருவர் காவலுக்கு இருப்பார், சில வீடுகளில் மாப்பிள்ளையின் தகப்பனாரே இருந்திருக்கிறார். தனிக்கட்டைகள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கிரேடர் ஓட்டுவது சின்ன உத்தியோகம் இல்லை. தெற்குப் பக்கம் வண்டி போனால் தெற்கே யாரோ நிலம் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். வடக்கே போனால் வடக்குக்காரர்கள் ஓட்டுக்கு விலை போய்விட்டார்கள் என்பார்கள். டீசல் போட நின்றால், எதற்காக நிற்கிறது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். கிரேடர்காரர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. தன் வண்டி போகும் திசைக்குப் பின்னால் உண்மையாகவே ஏதோ இருக்கிறது, தன்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று அவருக்கும் ஒரு எண்ணம் உண்டு.

அவர் மனசாரச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கிழக்குச் சாலை. பழைய ஊரிலிருந்து புறப்பட்டு, ஏரியின் கிழக்குக் கரையைச் சுற்றி, அந்தக் கோடியில் இருக்கும் கல்குவாரி வரை போகும் சரளைச் சாலை. அதன் நடுவில் அவருடைய அக்காவின் மாட்டுப் பண்ணை இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தலை துவட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அந்த அக்காதான். அவர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்குப் பால் வண்டி சேற்றில் சிக்கி, இரண்டு வேளைப் பாலையும் அக்கா வாய்க்காலில் கொட்டினாள். அன்றைக்குத் தகடு இறக்கினவர்தான். அதன் பிறகு அந்தச் சாலையில் குழி விழுந்ததாக யாரும் சொன்னதில்லை. தம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டினாலும் சிந்தாது.

வில்லங்கம் போன வருஷம் ஆரம்பித்தது. ஒரு காலையில் கிழக்குச் சாலைக்குப் போனவர், தன் சரளையில் அகலமான டயர்த் தடங்களைப் பார்த்தார். பின்னால் இரட்டைச் சக்கரம். நல்ல பாரம். கீழே இறங்கிக் குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார். விடியற்காலைத் தடம்.

வேறு ஆளாக இருந்தால், குவாரி லாரி இந்த வழியாக வந்திருக்கும் என்று நினைத்திருப்பான். அது பழைய ஊர் மூளைக்கு ரொம்ப எளிமையான பதில். குவாரி லாரிகளுக்குத்தான் மேற்குக் கரையில், புது ஊர் வழியாகத் தார்ச்சாலை இருக்கிறதே? அரசாங்கத் தார் இருக்கும்போது எவன் சரளையில் வருவான்? ஆகவே இது மன்றத்தின் வேலை. ஆள் வைத்துச் சாலையைக் கெடுக்கிறார்கள். கெட்ட சாலை என்று எழுதி, மாவட்டச் சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஏரிக்கரையைச் சுற்றுலா விடுதிக்காரர்களுக்குத் தாரை வார்க்கப் பார்க்கிறார்கள்.

"கெடுக்கட்டும், பார்க்கிறேன். அவங்க ஒரு தடவை கெடுத்தா நான் ரெண்டு தடவை சீவுறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

"யாரு கெடுக்குறா?"

"அது தெரிஞ்சா சந்தேகம் எதுக்கு?"

வாரம் ஒரு முறை சீவியவர் வாரம் மூன்று முறை சீவினார். தடங்கள் குறையவில்லை, கூடின. அவர் சந்தேகமும் கூடியது. மற்றச் சாலைகளுக்கு வண்டி போவது அமாவாசைக்கு ஒரு தடவை என்று ஆயிற்று.

அக்காவிடமே ஒரு நாள் கேட்டார். "விடியக்காலையில இங்க யாரு வர்றா?"

அக்கா மாட்டுக்குத் தீவனம் போட்டபடியே, "பால் வண்டி வரும்" என்றாள்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி உங்க அத்தான் கொட்டாவி விடுவார். ஏண்டா, உனக்கு வேற சாலையே கிடையாதா? சும்மா சும்மா இந்தப் பக்கமே வர்ற? கொஞ்சம் விட்டு வையேன்."

தன் சொந்த அக்கா தன்னை வராதே என்கிறாள்! கிரேடர்காரருக்கு மூக்கில் வியர்த்தது. அத்தான் மாட்டுக் கொட்டகையின் இருட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் கண்கள் சிவந்து, தூங்காதவர் கண்கள் மாதிரி இருந்தன. ஓ, விடுதிக்காரர்கள் அத்தானைப் பிடித்துவிட்டார்கள், பண்ணையை விலை பேசியாகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தார். சாலை போனால் அக்கா போய்விடுவாள். எங்கேயோ ஒரு நகரத்தில், ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரிகிற வீட்டில் உட்கார்ந்து பாக்கெட் பால் வாங்குவாள். அந்த நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை.

பிறகு வந்தது அறிவிப்பு. கிழக்குச் சாலையின் ஒரு பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்கி நடைபாதையாக்கக் கோரி வந்த மனு பற்றி மக்கள் கருத்துக் கேட்பு. இடம் புது ஊர், ஏரிக்கரை அரங்கம். நாள், வருடாந்திரப் படகுப் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை.

பழைய ஊர் முடிதிருத்தும் கடையில் அன்று ஒரு தலையும் முழுதாக வெட்டப்படவில்லை. கண்ணாடிக்கு மேலே அந்தப் பழைய கோப்பை இருந்தது. முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டிக்கொண்டே கோப்பையைக் காட்டினார்.

"மறுபடியும் படகுப் போட்டி! அண்ணே, ஒரே தூண்டில்ல ரெண்டு தடவை மீன் பிடிக்கப் பார்க்குறானுங்க."

"போன தடவை அலமாரி. இப்ப எடுத்துட்டுப் போக நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த உருளைக்கிழங்கு வியாபாரி.

எல்லோரும் மெதுவாக, மூலையில் முறைக்குக் காத்திருந்த கிரேடர்காரர் பக்கம் திரும்பினார்கள்.

"கிரேடர்!" என்றார் முடிதிருத்துகிறவர். "சாலை விஷயம்னு கூப்பிட்டா நீங்க போகாம இருப்பீங்களா? நீங்க அந்தப் பக்கம் போனதும் கொட்டகைப் பூட்டை உடைச்சு ஓட்டிட்டுப் போயிடுவான். அண்ணே, போகாதீங்க."

கிரேடர்காரர் அப்படியே அசந்துபோனார். தனக்கு இது தோன்றவில்லையே என்ற வருத்தம் ஒரு பக்கம், முடிதிருத்துகிறவருக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். போகாவிட்டால் அக்காவின் சாலை போகும். போனால் ஊரின் வண்டி போகும்.

அவர் மனைவிதான் வழி சொன்னாள், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே. "வண்டியை விட்டுட்டுப் போனாத்தானே திருடுவான்? வண்டியிலேயே போங்களேன்."

"புது ஊருக்கா? கிரேடர்லயா?"

"பின்ன என்ன, அதுக்கு சக்கரம் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை காலை கிரேடர் மேற்குத் தார்ச்சாலையில் புது ஊரை நோக்கிப் புறப்பட்டது. அந்த வண்டி ஓடுகிற வேகத்தில் சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முந்தலாம். ஆனால் அன்று யாராலும் முந்த முடியவில்லை. சாலையின் அகலம் அவ்வளவுதான். படகுப் போட்டிக்கு வந்த கார்கள், வாடகைப் படகுகளை இழுத்து வந்த வண்டிகள், ஐஸ்கிரீம் வண்டி, எல்லாம் பின்னால் வரிசை கட்டின. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கிரேடர்காரர் கண்ணாடியில் பார்த்தார். இத்தனை பேர் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்றால், விஷயம் தான் நினைத்ததைவிடப் பெரியது.

போகிற வழியெல்லாம் தார்ச்சாலையில் ஆளை விழுங்கும் குழிகள். ஒப்பந்தக்காரர் யாரோ? அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

அரங்கத்தில் மன்றத்தின் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேசைதான், பாட்டன்மார் காலத்து மேசை. ஐவரில் இரண்டு பேர் குவாரிப் பக்கம். மாவட்டத்தின் வருமானத்தில் பாதி கருங்கல்லிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு எப்போதும் நினைவிருக்கும். இரண்டு பேர் ஏரிப் பக்கம். மீதிப் பாதி சுற்றுலா வருகிறவர்களிடமிருந்து வருகிறது என்பதை இவர்கள் மறப்பதில்லை. பாலும் உருளைக்கிழங்கும் எந்தப் பாதியில் சேர்ந்தவை என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் தலைவர் அம்மா. மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர் பேசும்போது நாக்கை நீட்டச் சொல்லப் போகிறவர் போலவே பார்ப்பார்.

பழைய ஊரிலிருந்து வீட்டுக்கு ஒருவர் மட்டும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் காவலுக்கு. முடிதிருத்துகிறவர் கோப்பையைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கிரேடர்காரர் உட்காராமலே ஆரம்பித்தார். "இந்த மனுவை யார் கொடுத்தது? முதல்ல அந்த ஆளைக் காட்டுங்க. விடுதிக்காரனா? பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறவன் முன்னாடி வரட்டும்."

"ஒளிஞ்செல்லாம் இல்லைடா" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. "இங்கதான் உட்கார்ந்திருக்கேன். நான்தான் கொடுத்தேன்."

அக்கா எழுந்து நின்றாள். பக்கத்தில் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் அக்காவை மட்டும் விட்டுவைத்திருந்தார். வெளியே ஏரியில் யாரோ எதையோ ஜெயித்த கைதட்டல் கேட்டது.

அக்கா மன்றத்தைப் பார்த்துச் சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடியே குவாரி லாரி வரிசையா வருதுங்க. பழைய ஊர் ஸ்டேஷன்ல சரக்கு ரயிலுக்குப் போகுது. வீட்டுச் சுவர் விரிஞ்சு கையை விடலாம் போல இருக்கு. தூசி விழுந்த தீவனத்தை மாடு மோந்துட்டுத் திரும்பிக்குது, பால் பாதி ஆயிடுச்சு. போன மாசம் கன்னுக்குட்டி ஒண்ணு அடிபட்டுப் போச்சு. என் வீட்டுக்கும் குவாரிக்கும் நடுவுல இருக்கிற சாலையை மட்டும் எடுத்துடுங்க. கல் நட்டு நடைபாதை ஆக்குங்க. இந்தப் பக்கம் ஊருக்குப் போற சாலை இருந்தா எனக்குப் போதும். இல்லைன்னா பண்ணையை வித்துட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்லை."

குவாரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "எங்க லாரி... அதாவது குவாரி லாரி கிழக்குச் சாலையில போறதே இல்லைம்மா. தார்ச்சாலை இருக்கும்போது சரளையில ஏன் போகணும்? யோசிச்சுப் பாருங்க."

கிரேடர்காரர் திடுக்கிட்டார். தான் போன வருஷம் யோசித்த அதே வாசகம், எழுத்துப் பிசகாமல், ஒரு புது ஊர்க்காரர் வாயிலிருந்து வருகிறது.

தலைவர் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "கிழக்குச் சாலைக்கு அடிக்கடி போறவர் நீங்கதான். லாரி போகுதா, இல்லையா?"

இப்போது அவர் மண்டைக்குள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. விடியற்காலைத் தடம். அத்தானின் சிவந்த கண். மேற்குத் தார்ச்சாலையின் குழிகள். லாரிக்காரன் ஏன் சரளைக்கு வருகிறான்? மாவட்டத்திலேயே குலுங்காத சாலை அது ஒன்றுதான். அதைக் குலுங்காமல் வைத்திருந்தது யார்? அவர் சீவச் சீவ லாரி கூடியது, லாரி கூடக் கூட அவர் சீவினார். அக்காவை ஊரைவிட்டுத் துரத்துகிற கையை ஒரு வருஷமாகத் தேடினார். அது ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

"போகுதுங்க. பின்னாடி ரெட்டைச் சக்கரம், முழுப் பாரம்" என்றார்.

"ஏன் போகுது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அரங்கத்தில் பழைய ஊரின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

"சாலை நல்லா இருக்கு, அதனால. நான்தான் வாரத்துக்கு மூணு தடவை சீவினேன். வேற எங்கேயும் சரியா போகலை. அக்கா வீடுங்கிறதால அங்கேயே போனேன்."

முடிதிருத்துகிறவர் கோப்பையோடு எழுந்துவிட்டார். "அடப்பாவி அண்ணே! எங்க தெருவுல என் மாமியார் ரெண்டு தடவை விழுந்தாங்க. கேட்டப்ப, மேலிடத்து உத்தரவுன்னு சொன்னீங்களே!"

"நான் அப்படிச் சொல்லலை. நீயேதான் சொல்லிக்கிட்ட. நான் சும்மா இருந்தேன்."

"சும்மா இருந்தா ஆமான்னு தானே அர்த்தம்?"

"உட்காருங்க" என்றார் தலைவர் அம்மா. கிரேடர்காரரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "உங்க வேலையைப் பத்தித் தனியாப் பேசுவோம். இப்ப ஓட்டெடுப்பு."

இரண்டுக்கு இரண்டு. தலைவர் அம்மா கடைசியாகக் கையைத் தூக்கி, "அந்தக் கன்னுக்குட்டியை நான்தான் வந்து பார்த்தேன்" என்றார். அக்கா கேட்டது நிறைவேறியது. கிரேடர்காரருக்குப் பிற்பாடு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. எந்த வாரம் எந்தச் சாலை என்று இனி மன்றமே சொல்லும். முதல் உத்தரவு முடிதிருத்துகிறவர் தெருவுக்கு. அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தெரு முழுவதும் இன்றைக்கும் நம்புகிறது.

அரங்கத்துக்கு வெளியே அக்கா வண்டிப் பக்கம் வந்தாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நீ நல்லா வேலை செய்யறதால நான் வீட்டைக் காலி பண்ணப் போறேன்னா? உன் முகத்தைப் பார்த்து அதை எப்படிடா சொல்வேன்? அதோட, சொன்னா நீ நம்புவியா? அத்தான்தான் சொல்லிக் கொடுத்தார்னு சொல்வ."

அத்தான் தூரத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார். அது யாருக்கு என்று கிரேடர்காரர் உற்றுப் பார்த்தார்.

கல் நடுவதற்கு மன்றம் ஆள் அனுப்ப நாளாகும். அதுவரை லாரி நிற்காது. ஆகவே மறுநாள் காலையிலேயே, தலைவர் அம்மாவிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு, கிரேடர்காரர் கிழக்குச் சாலைக்குப் போனார். கிரேடருக்குப் பின்னால் கொக்கி கொக்கியாக இரும்புப் பற்கள் உண்டு. இறுகிப்போன தரையைக் கிளறுவதற்கு. அக்கா வீட்டு வாசலைத் தாண்டியதும் அவற்றை இறக்கினார். தம்ளர்த் தண்ணீர் சிந்தாத சரளை கடகடவென்று பிளந்து புரண்டது. குவாரியிலிருந்து வந்த லாரி ஒன்று அந்த முனையில் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே பின்பக்கமாக நகர்ந்து போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போது ஒரு கோடு, வரும்போது அதை ஒட்டி இன்னொரு கோடு.

அக்கா டீயோடு வந்து, சாலையின் ஓரத்தில் நின்று பார்த்தாள். உழுத வயல் மாதிரி வரிகள் நூல் பிடித்த நேரில் போயிருந்தன.

"கெடுக்கிறதைக்கூட இவ்வளவு அழகாவாடா கெடுப்ப?"

அவர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி டீயை வாங்கினார். வீட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினார். "அத்தான் எங்க?"

"தூங்குறார்."

"இந்நேரத்துலயா?"

"தூங்குறார்டா."

கிரேடர்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். டீயைக் கையில் பிடித்தபடியே வீட்டைச் சுற்றிப் பின்பக்க ஜன்னல் வரை போய், கால்விரல் நுனியில் எக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தான் வாயைத் திறந்து, ஒரு கையைக் கட்டிலிலிருந்து தரை வரை தொங்கவிட்டு, ஒரு வருஷத்துத் தூக்கத்தை மொத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நடிப்பாக இருக்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றார். குறட்டை இயல்பாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து வண்டியில் ஏறியவர், உறுமி எழுப்பிவிடும் என்று சாவியைத் தொடவில்லை. இன்னும் பாதிச் சாலை பாக்கி இருந்தது. அத்தான் தானாக எழுந்து வெளியே வரும் வரை, ஆறிப்போன டீயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.